மாசம் 186 சிங்கப்பூர் வெள்ளிக்கு மாத்திரை, 7 கிலோ இறங்கியாச்சு, ஆனா தரையிலேருந்து எழுந்திருக்க முடியல

தேக்கா_மீனா
செவ்வாய், இரவு 10.42

ரொம்ப நாளா இங்க வாசிக்க மட்டும்தான் வருவேன். இன்னைக்கு எழுதியே ஆகணும்.

வயசு 54. உயரம் 157 செ.மீ. ஜூன் மாசம் 71 கிலோ, இப்போ 64. ஆபீஸ்ல எல்லாரும் "எப்படிக்கா, எப்படிக்கா"ன்னு கேக்குறாங்க. எனக்கும் பெருமைதான், பொய் சொல்லல. புடவை பிளவுஸ் நாலைப் பிடிச்சுத் தச்சாச்சு.

போன சனிக்கிழமை, புரட்டாசி சனி, சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலுக்குப் போனேன். சேவிச்சிட்டு ஓரமா தரையில உக்காந்தேன். எழுந்திருக்கலாம்னு பார்த்தா கால் வரல. வலியெல்லாம் இல்ல, பலமே இல்ல. பக்கத்துல இருந்த ஒரு சின்னப் பொண்ணு, ஏழெட்டு வயசு இருக்கும், "பாட்டி கையப் பிடிச்சுக்கோங்க"ன்னு தூக்கி விட்டுச்சு. பாட்டின்னது கூடப் பரவால்ல.

வீட்டுக்கு வந்து மாத்திரைப் பையை மேசையில கொட்டிப் பார்த்தேன். மல்டிவைட்டமின், வைட்டமின் டி, மீன் எண்ணெய், முடிக்கும் நகத்துக்கும் பயோட்டின், மஞ்சள் கேப்சூல், கிரீன் டீ சத்து, கார்சினியா, கொலாஜன் பொடி. தோழி ஒருத்தர் தர்ற ஸ்லிம்மிங் காப்பி, தினம் ஒரு பாக்கெட்டு. கணக்குப் போட்டா மாசம் 186 வெள்ளி. இதுபோக டாக்டர் சர்க்கரைக்குக் கொடுத்த மெட்ஃபார்மின், பிரஷர் மாத்திரை.

சாப்பாடு: காலையில ஒரு ஷேக், மத்தியானம் சாலட், ராத்திரி சூப். இந்த மாசம் முழுக்க சைவம்.

57 கிலோவுக்கு வரணும்னு ஆசை. இதுல எதை வச்சுக்கலாம், எதை விடலாம்?

---

சும்மா_பார்க்கிறேன்
செவ்வாய், இரவு 10.51

4 மாசத்துல 7 கிலோவா! அந்தக் காப்பி லிங்க் போடுங்கக்கா.

---

இரும்பு_மணி
செவ்வாய், இரவு 11.20

மீனாம்மா, மாத்திரையை அப்புறம் பேசலாம். இப்போ ஒண்ணு செய்ங்க. கை இல்லாத சாப்பாட்டு நாற்காலி ஒண்ணைச் சுவரோட ஒட்டிப் போடுங்க. ரெண்டு கையையும் நெஞ்சுல குறுக்கா கட்டிக்கோங்க. அஞ்சு தடவை முழுசா எழுந்து, முழுசா உக்காருங்க. போன்ல நேரம் பாருங்க.

12 வினாடிக்குள்ள முடிஞ்சா சரி. 12 ஆச்சுன்னா கவனிக்கணும். இது நான் கண்டுபிடிச்சதில்ல. சார்கோபீனியாவுக்கு, அதான் வயசாக ஆகத் தசையும் பலமும் கரையிறதுக்கு, ஆசிய நிபுணர் குழு 2019ல வச்ச அளவுகள்ல இது ஒண்ணு. கெண்டைக்கால் சுற்றளவும் அளந்து பாருங்க, பெண்களுக்கு 33 செ.மீ.க்குக் கீழ போனா சந்தேகப்படணும்.

எனக்கு 61. பிடோக்ல இருக்கேன். என் கதையை அப்புறம் சொல்றேன்.

---

மருந்துக்கடை_அக்கா
புதன், காலை 6.35

28 வருஷம் மருந்தகத்துல நின்னவ, இப்போ ஓய்வு. நான் உங்க டாக்டர் இல்லன்னு முதல்லயே சொல்லிடறேன்.

மத்ததெல்லாம் மெதுவா பேசலாம். அந்தக் காப்பியை இன்னைக்குக் குடிக்காதீங்க. அதைக் குடிக்கிறதுலேருந்து வாய் வறளுதா? படபடப்பு, தூக்கமின்மை, மலச்சிக்கல், பசியே இல்லாமப் போறது, இதுல எதாவது இருக்கா? பாக்கெட்டுல என்ன எழுதியிருக்கு?

---

நலம்_தரும்_வாழ்வு
புதன், காலை 7.02

[விளம்பரம் நீக்கப்பட்டது. "தனிச்செய்தியில் வாருங்கள், 100% இயற்கை" வகைப் பதிவுகளுக்கு இது இடமல்ல. இரண்டாவது எச்சரிக்கை. மட்டுறுத்துநர்]

---

பழைய_சோறு
புதன், காலை 8.15

அம்மா, தவறாக எண்ண வேண்டாம். மாத்திரைக்குக் கொடுக்கும் 186 வெள்ளியில் தேக்கா ஈரச்சந்தையில் ஒரு மாதக் காய்கறி வாங்கலாம். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்கு கொள்ளு" என்று நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்? என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். காலையில் பழைய சோறும் சின்ன வெங்காயமும்தான். 84 வயது வரை ஊன்றுகோல் தொட்டதில்லை. கொள்ளு ரசம் வையுங்கள். கேழ்வரகுக் கூழ் குடியுங்கள். மீதியைத் தூக்கி எறியுங்கள்.

---

ஈசூன்_வாசி
புதன், காலை 9.40

ஐயா, உங்க அப்பா மூட்டை தூக்கினதை ஒரு வரியில தாண்டிட்டீங்களே. பழைய சோறு 84 வரைக்கும் நிக்க வைக்கல, மூட்டைதான் நிக்க வச்சுது. நாம காலையில ரயில்ல உக்காந்து, ஆபீஸ்ல உக்காந்து, ராத்திரி சோபாவுல உக்காருறோம். அந்தச் சோத்தை நாம சாப்பிட்டா சர்க்கரை எகிறும்.

கொள்ளு நல்லதுதான், நானும் வைப்பேன். 100 கிராம் காய்ஞ்ச கொள்ளுல 20 கிராமுக்கு மேல புரதம் இருக்கு, நார்ச்சத்து இருக்கு, வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கும். கொழுப்பை உருக்குதுன்னு சொல்றதெல்லாம் கதை. ரசத்துல வடிகட்டின தண்ணிதான் வருது, கொள்ளு அடியில தங்கிடுது. அதை எடுத்துச் சுண்டலா சாப்பிடுங்க.

காப்பி பத்தி அக்கா கேட்டது ஏன்னு இளசுகளுக்குப் புரியாது. 2002ல ஸ்லிம் 10 னு ஒரு மாத்திரை இங்க பேயாட்டம் ஆடுச்சு. சட்டப்படி சேர்க்கக் கூடாத மருந்தைக் கலந்திருந்தாங்க. ஒரு பெண் இறந்துட்டாங்க. ஒரு நடிகைக்குக் கல்லீரல் போயி, கட்டிக்கப் போறவர் தன் கல்லீரல்ல பாதியைக் கொடுத்துத்தான் பிழைச்சாங்க. அப்போ நான் தேசிய சேவையில, அதான் கட்டாய ராணுவப் பயிற்சியில, இருந்தேன், கேம்ப்ல எல்லாரும் பேப்பரைப் பிடிச்சுக்கிட்டு அதைத்தான் பேசினோம்.

---

தேக்கா_மீனா
புதன், மதியம் 1.10

மணி அண்ணே, நேத்து ராத்திரியே செஞ்சேன். 15.3 வினாடி. நாலாவது தடவை கை தானா நாற்காலியைத் தேடுது.

அக்கா, வாய் வறளுது, ஆமா. அதுக்குத்தான் நிறையத் தண்ணி குடிக்கிறேன், உடம்புக்கு நல்லதுன்னு நினைச்சேன். ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு படபடன்னு முழிப்பு வந்துடும். மாதவிடாய் நின்ன கோளாறுன்னு விட்டுட்டேன். பாக்கெட்டுல இலைப் படம் இருக்கு, "மூலிகை"ன்னு இருக்கு, தயாரிச்சவங்க முகவரி இல்ல. தோழி நல்லவங்க, அவங்களும் குடிக்கிறாங்க.

---

மருந்துக்கடை_அக்கா
புதன், மாலை 5.25

தோழி நல்லவங்கதான், சந்தேகமே இல்ல. அவங்களையும் நிறுத்தச் சொல்லுங்க.

சிபுட்ரமைன்னு ஒரு மருந்து. பசியை அடக்கும். முன்னாடி டாக்டர் சீட்டோட கொடுத்துக்கிட்டு இருந்தோம், நானே எத்தனையோ டப்பா எடுத்துக் கொடுத்திருக்கேன். மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதுன்னு தெரிஞ்சு 2010ல இங்கயும் வெளிநாட்டுலயும் நிறுத்திட்டாங்க. கடையிலேருந்துதான் போச்சு, உலகத்தை விட்டுப் போகல. "மூலிகைக் காப்பி", "டீடாக்ஸ்"னு பேர் மாத்தி இணையத்துல வருது. மருந்துகளைக் கண்காணிக்கிற சுகாதார அறிவியல் ஆணையம் எச்சரிக்கை விடுறப்பெல்லாம் திரும்பத் திரும்ப வர்ற பேர்கள்ல இதுவும் ஒண்ணு. வாய் வறட்சி, படபடப்பு, தூக்கமின்மை, மூணும் அதுக்குப் பொருந்துது. உங்க பாக்கெட்டுல இருக்குன்னு நான் சொல்ல முடியாது, சோதிச்சாத்தான் தெரியும். ஆனா உங்களுக்குப் பிரஷர் இருக்கு. வாரம் முடியறதுக்குள்ள டாக்டரைப் பாருங்க, பாக்கெட்டையும் கையோட கொண்டு போங்க. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வந்தா அவசரப் பிரிவு.

பலருக்கு ஒண்ணு தெரியாது. இங்க ஹெல்த் சப்ளிமென்ட்டுகளுக்கு, மருந்துக்கு மாதிரி, விக்கிறதுக்கு முன்னாடி ஆணையத்தோட ஒப்புதல் தேவையில்ல. பத்திரமா இருக்கணும்கிறது விக்கிறவரோட பொறுப்பு. அலமாரியில இருக்குன்னா யாரோ சோதிச்சிருக்காங்கன்னு அர்த்தமில்ல.

இப்போ உங்க மேசைக்கு வர்றேன்.

கார்சினியான்னா என்ன தெரியுமா? நம்ம குடம்புளிதான். மீன் குழம்புல ரெண்டு சுளை போட்டா ருசி. அதுலேருந்து சத்தை மட்டும் பிழிஞ்சு கேப்சூல்ல அடைச்சா எடை குறையுதுங்கிறதுக்குச் சொல்லிக்கிற மாதிரி ஆதாரம் இல்ல, கல்லீரல் பாதிச்ச கேஸ்கள் இருக்கு. கிரீன் டீயும் அப்படித்தான். கோப்பையில குடிச்சா ஒண்ணும் இல்ல. மாத்திரையா, அதுல இருக்கிற ஈஜிசிஜிங்கிற சத்து ஒரு நாளைக்கு 800 மி.கி.யும் அதுக்கு மேலயும் போனா கல்லீரலைத் தொடலாம்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல சொல்லியிருக்கு. மஞ்சள் கேப்சூலும் சிலருக்கு அதே இடத்துல கை வைக்குது, முக்கியமா மிளகுச் சத்து சேர்த்தது, ஏன்னா உடம்புக்குள்ள பல மடங்கு போகுது. சாம்பார்ல போடுற அரை ஸ்பூன் மஞ்சளை நான் சொல்லல. ஒரே கல்லீரல் மேல மூணு பேரை ஏத்தி வச்சிருக்கீங்க. மூணையும் விடுங்க. இந்தத் தடவை ரத்தப் பரிசோதனையில கல்லீரலையும் பார்க்கச் சொல்லுங்க.

பயோட்டின்: குறைபாடு இல்லாதவங்களுக்கு முடி வளரும்னு உறுதி கிடையாது. அதைவிடத் தொல்லை, ரத்தப் பரிசோதனையைக் குழப்பும். தைராய்டே சரியா இருக்கிறவங்களுக்கு அது அதிகமா ஓடுற மாதிரி ரிப்போர்ட் வரும். அதுக்கு வைத்தியம் பார்க்கிற அளவுக்குப் போனவங்களும் உண்டு. டெஸ்ட்டுக்கு எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும்னு கேட்டுக்கோங்க.

மீன் எண்ணெய், வைட்டமின் டி: அமெரிக்காவுல 25,871 பேரை வச்சு 5 வருஷத்துக்கு மேல பார்த்தாங்க. பொதுவா நல்லா இருக்கிறவங்களுக்கு, மாரடைப்பு, பக்கவாதம் மாதிரிப் பெரிய இதயக் கோளாறுகளை மொத்தமா சேர்த்துப் பார்த்தாலும் சரி, புற்றுநோயைப் பார்த்தாலும் சரி, ரெண்டும் குறைக்கல. டி அளவு நிஜமாவே குறைஞ்சவங்க கதை வேற, அளந்து பார்த்துச் சாப்பிடணும். வெயில் நாட்டுல இருந்தும் நம்மள்ல நிறையப் பேருக்குக் குறைவுதான். வெயில் அடிக்கிறது கட்டடத்து மேல, நாம இருக்கிறது உள்ள.

கொலாஜனும் மல்டிவைட்டமினும் பணம் இருந்தா சாப்பிடுங்க, இல்லாட்டி விடுங்க. அதைப் பத்தி எனக்குச் சண்டை இல்ல.

இத்தனை டப்பாவுல உங்களுக்கு நிஜமா வேண்டியது ஒண்ணு தனியா இல்ல, பார்த்தீங்களா? பி12. மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா சாப்பிட்டா பி12 குறையலாம். அதோட சைவ நாளும் நிறைய. கால் மரத்துப் போறது, களைப்பு, மறதி, எல்லாத்தையும் வயசு மேல போட்டுடுவோம். மல்டிவைட்டமின்ல கொஞ்சம் இருக்கும்தான், போதுதான்னு அளந்தாத்தான் தெரியும். டாக்டர்கிட்ட நீங்களா கேளுங்க.

---

செம்பவாங்_பிரியா
புதன், இரவு 9.08

இந்தக் காப்பி, கேப்சூலுக்கெல்லாம் பதிலா எடை குறைக்கிற ஊசி போட்டுக்கிட்டா என்ன அக்கா? என் மேனேஜர் 15 கிலோ குறைச்சுட்டார். டெலிகிராம்ல பாதி விலைக்குக் கிடைக்குது.

---

மருந்துக்கடை_அக்கா
புதன், இரவு 9.30

ஊசி நிஜ மருந்து, நிஜமா வேலை செய்யும். அதனாலதான் டாக்டர் சீட்டு வேணும். டெலிகிராம்ல வர்றது ஊசியா தண்ணியான்னு யாருக்குத் தெரியும்? ஊசியில இறங்கினாலும் பட்டினியில இறங்கினாலும் போற கிலோவுல தசையும் சேர்ந்துதான் போகும். மீனா கேக்குற கேள்வி அங்கயும் அப்படியே நிக்கும்.

---

இரும்பு_மணி
புதன், இரவு 11.45

என் கதை. 55 வயசுல எனக்கும் இதே ஆசை. அரிசியை நிறுத்தினேன், தினம் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில ரெண்டு மணி நேரம் நடந்தேன். 9 கிலோ போச்சு. போட்டோவுல நல்லா இருந்தேன். ஒருநாள் மருமக கையிலேருந்து 10 கிலோ அரிசி மூட்டையை வாங்கினேன், லிஃப்ட் வரைக்கும் வர்றதுக்குள்ள ரெண்டு தடவை கீழ வச்சேன். அன்னைக்குத்தான் புரிஞ்சுது. போன 9 கிலோவுல எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு சதைன்னு எடை மிஷினுக்குத் தெரியாது.

மீனாம்மா ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் சாப்பிடுறாங்கன்னு பார்த்தீங்களா? ஷேக் டப்பாவுல பாருங்க, பெரும்பாலும் ஒரு தடவைக்கு 9, 10 கிராம்தான் இருக்கும். சாலட்ல இருக்கிற கொண்டைக்கடலை ஒரு 5. சூப்புல ஒண்ணுமில்ல. மொத்தம் 20 தாண்டாது. வயசானவங்களுக்குக் கிலோவுக்கு 1 லிருந்து 1.2 கிராம் வேணும்னு சொல்றாங்க. 64 கிலோவுக்கு 64 முதல் 77 கிராம். மூணுல ஒரு பங்கு சாப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க. உடம்பு மீதியை எங்கேருந்து எடுக்கும்? தொடையிலேருந்துதான்.

சிறுநீரகத்துல கோளாறு இருந்தா இந்தக் கணக்கு பொருந்தாது, டாக்டரைக் கேட்டுக்கணும்.

நம்ம ஆளுங்க "சாம்பார் இருக்கே"ம்பாங்க. சாம்பார்ல பருப்பு எங்க இருக்கு, நீச்சல் அடிச்சுக்கிட்டு இருக்கு. ஒரு கரண்டியில 3 கிராம் தேறினா அதிசயம். நாலு இட்லி 8 கிராம். முட்டை ஒண்ணு 6. ஒரு கிளாஸ் பால் 8. தவ்குவா, அதான் கெட்டியான டோஃபு, 100 கிராம்ல 12க்கு மேல. டெம்பே, அதான் புளிக்க வச்ச சோயாக் கட்டி, 100 கிராம்ல 18க்கு மேல. மலாய்க்காரங்க கடையில வாழையிலையில சுத்தி விக்கிறாங்களே, அந்த டெம்பே. 20 வருஷமா அதைத் தாண்டித்தான் நடந்தேன், இப்போ எங்க வீட்டுல அதான் பொரியல். எண்ணெயில முக்கி எடுக்காதீங்க. தோசைக்கல்லுல மஞ்சத்தூள், மிளகாத்தூள் தடவி ரெண்டு பக்கமும் சிவக்க விடுங்க. விளிம்பு மொறுமொறுன்னு வரும்போது எடுத்துடணும், விட்டா கசக்கும்.

வெளிய சாப்பிட்டா யோங் தவ் ஃபூ, அதான் நாமளே பொறுக்கி எடுக்கிற சீனச் சாப்பாடு: சூப் வகை, தவ்குவா ரெண்டு, முட்டை, கீரை, நூடுல்ஸ் பாதி. குடிக்க தே ஓ கோசோங், பாலும் சீனியும் இல்லாத டீ. காப்பிக் கடைக்காரர் முதல் வாரம் "அண்ணே உடம்பு சரியில்லையா"ன்னு கேட்டார்.

சுகாதார மேம்பாட்டு வாரியத்தோட தட்டுப் படம் பார்த்திருப்பீங்க. பாதி காய் பழம், கால் தானியம், கால் புரதம். அந்தக் கால் பங்கை நம்ம தட்டுல தேடிப் பாருங்க. அங்க அப்பளம் இருக்கும்.

சாப்பிட்டா மட்டும் தசை வராது. வாரம் ரெண்டு மூணு நாள் சுமை தூக்கணும். ஜிம் வேணாம்னா நாற்காலியில 10 தடவை எழுந்து உக்காரு, மூணு சுற்று. புளோக்குக்குக் கீழ மூத்தோர் உடற்பயிற்சிச் சாதனம் துருப் பிடிக்காம காத்துக்கிட்டு இருக்கு. நடையே போதும்னு நினைச்சு நான் மூணு வருஷம் வீணாக்கினேன்.

நான் சாப்பிடுற ஒரே சப்ளிமென்ட் கிரியேட்டின், தசைக்கான பொடி, ஒரு நாளைக்கு 3 கிராம். சுமைப் பயிற்சி செய்றவங்களுக்குத்தான் அது. டாக்டர்கிட்ட சொல்லாம ஆரம்பிச்சேன். அடுத்த பரிசோதனையில கிரியேட்டினின், அதான் சிறுநீரகத்துக்காக ரத்தத்துல பார்க்கிற அளவு, கூடிடுச்சுன்னு அவர் சிறுநீரகத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சார். எனக்கு வேர்த்துடுச்சு. அப்புறம் உண்மையைச் சொன்னேன். நிறுத்தி வச்சுட்டு மறுபடி பார்த்தா சரியா இருந்துச்சு. திட்டு வாங்கினது தனி.

---

பழைய_சோறு
வியாழன், காலை 8.05

கேழ்வரகை விட்டுவிட்டீர்களே. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. மீனா அம்மாவின் மேசையில் அதற்கென்று ஒன்றுமே இல்லை. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு தேயும், எடை குறையும்போது இன்னும் தேயும். தசையைப் பற்றியே பேசுகிறீர்கள்.

---

இரும்பு_மணி
வியாழன், காலை 8.30

ஐயா சொன்னதுல இதை ஒத்துக்கிறேன். கூழ்ல சீனி மட்டும் போடாதீங்க, மோர் ஊத்துங்க. நெத்திலிக் கருவாடு சாப்பிடுறவங்க அதையும் உப்பைக் கழுவிட்டு எலும்போட சாப்பிடலாம்.

---

ஈசூன்_வாசி
வியாழன், காலை 9.12

முதல் முறையா இவங்க ரெண்டு பேரும் ஒத்துப்போறாங்க. இழையைப் பூட்டிடலாம்.

---

தேக்கா_மீனா
டிசம்பர், ஞாயிறு, மாலை 4.20

எல்லாருக்கும் சொல்லணும்னு இருந்தேன், தீபாவளி வேலையில தள்ளிப் போச்சு.

டாக்டர்கிட்ட போனேன். அரசாங்கத்தோட ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்துல நான் பதிஞ்ச அதே கிளினிக். பையை அப்படியே மேசையில கொட்டினேன். அவர் ஒண்ணொண்ணா எடுத்துப் பின்பக்கம் வாசிச்சார், பத்து நிமிஷம் ஒண்ணும் பேசல. அப்புறம், "இதையெல்லாம் ஏன் இத்தனை நாள் சொல்லல?"ன்னார். "நீங்க கேக்கல டாக்டர்"னு சொல்லிட்டேன். சிரிச்சுட்டார்.

பிரஷர் அன்னைக்கு ரொம்ப அதிகமா இருந்துச்சு. காப்பியை விட்டு ரெண்டு வாரத்துல இறங்கிடுச்சு, தூக்கமும் வந்துடுச்சு. பாக்கெட்டை டாக்டர் வாங்கி வச்சுக்கிட்டார். கல்லீரல் டெஸ்ட்ல அளவு கொஞ்சம் கூட இருந்து இப்போ சரியாயிடுச்சு. பி12 குறைவு, அக்கா சொன்ன மாதிரியே. அதுக்கு மட்டும் மாத்திரை, டி அளந்து பார்த்து அதுவும் கொஞ்சம். மத்ததெல்லாம் போச்சு.

எடை 65.5. ஒன்றரை கிலோ ஏறிடுச்சு. மாமியார் முதல் நாளே "திரும்பப் போட்டுட்ட"ன்னாங்க. எனக்குக் கொஞ்சம் அழுகைதான் வந்துச்சு, மறைக்கல. ஆனா தச்ச பிளவுஸ் எதுவும் இறுகல. நாற்காலிச் சோதனை 11.4. மணி அண்ணே, டெம்பே கசந்துடுச்சு ரெண்டு தடவை, மூணாவது தடவை வந்துடுச்சு. 57 ஆசை இன்னும் போகல. டாக்டர் "மெதுவா, ஒரு வருஷம் எடுத்துக்கோங்க"ன்னார்.

தோழி பேசறதில்ல. வியாபாரத்தைக் கெடுத்துட்டேன்னு நினைக்கிறாங்க. அவங்க இன்னும் குடிக்கிறாங்கன்னு கேள்விப்பட்டேன், அதுதான் மனசுல கிடக்கு.

---

சும்மா_பார்க்கிறேன்
டிசம்பர், ஞாயிறு, இரவு 8.47

அக்கா, முதல்ல லிங்க் கேட்டவன் நான்தான். நீங்க தரலன்னு வேற இடத்துல ஒரு டப்பா வாங்கி வச்சிருந்தேன், வீட்டுக்காரிக்குத் தெரியாது. போன வாரம்தான் ஆரம்பிச்சேன். நாக்கு வறளுறது ஏர்கானாலன்னு நினைச்சேன்.

---

மருந்துக்கடை_அக்கா
டிசம்பர், ஞாயிறு, இரவு 8.52

தம்பி, வயசு என்ன? பிரஷர், இதயம் எதாவது இருக்கா? இப்போ நெஞ்சுல ஒண்ணும் செய்யலையே? இனி ஒரு பாக்கெட்டும் தொடாதீங்க, காலையில முதல் வேலையா கிளினிக், டப்பாவோட. வீட்டுக்காரிகிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க, ராத்திரி எதாவதுன்னா அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.